ஒட்டுக்குக் கீழே

ஷின்ஷு மலை, காசநோய் விடுதி
20 பிப்ரவரி 1956

அன்புள்ள கினுயோவுக்கு,

இங்கே ஜன்னல் விளிம்பு வரை பனி ஏறிக் கிடக்கிறது. கவாகோயேயில் இந்நேரம் பிளம் பூத்திருக்கும். சளி பிடிக்காமல் இருக்கிறாயா? எனக்குக் காய்ச்சல் சாயங்காலம் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.

ஒரு அறையில் ஆறு பெண்கள். எல்லோருக்கும் நுரையீரல்தான். இருமலை வைத்தே யார் என்று சொல்லிவிடலாம்.

என் தம்பி எய்கிச்சி போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. புருஷனே இல்லை, அவன் அக்கா எக்கேடு கெட்டால் என்ன என்று நீ இருந்திருக்கலாம். கடை வேலையை விட்டுவிட்டு என் வீட்டைக் காக்க வந்தாய். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தவள் நான். உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நன்றி.

வேலை ஒன்றுதான். குளியலறை ஜன்னலுக்கு வெளியே இருக்கும் தொட்டி மேப்பிள். மண் காய்ந்தால் தண்ணீர். வெயில் ஏறினால் நிழல். இலை வந்ததும் மெலிந்த கொம்புகளை எடுத்துவிட்டுத் தெம்பானதை விடு. ஏப்ரலில் அது சிவக்கும். எங்கள் அப்பா வீட்டு மரத்திலிருந்து எய்கிச்சி கொம்பு எடுத்து ஒட்டுக் கட்டி எனக்குக் கொடுத்தது. ஆறு மாதம் கழித்துக் குண்டு விழுந்து அந்த வீடும் மரமும் எரிந்துபோயின. மிச்சம் இந்தத் தொட்டிதான்.

ஆபரேஷன் செய்யலாம், பாதிக்குப் பாதி என்கிறார் டாக்டர். ஒத்துக்கொண்டேன். இன்னொரு வசந்தத்தில் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட வேண்டும். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இல்லை.

வேளைக்குச் சாப்பிடு.
சதாயோ


கவாகோயே
12 மார்ச் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

பிளம் பூ கொட்டிப்போச்சு, காத்து மட்டும் இன்னும் கடிக்குது. காய்ச்சல் குறைஞ்சுதா? இங்க நான் சௌக்கியம். உங்க வீட்டுல உக்காந்து உங்க அரிசியைச் சாப்பிட்டுக் குண்டாயிட்டேன். நன்றியெல்லாம் எனக்கு எழுதாதீங்க, படிச்சுட்டுக் கையை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல.

மரத்துக்குத் தினமும் காலைல குட்மார்னிங் சொல்றேன். பக்கத்து வீட்டு ஹமானோ அம்மா வேலிக்கு மேல எட்டிப் பார்த்து, "பட்டமரத்துக்கிட்ட பேசினா அது பதில் சொல்லுதா"ன்னு கேலி பண்றாங்க.

அக்கா, ஒரு உண்மை சொல்லணும். சிச்சிபு மலையில எங்க ஊர்ல நாங்க வளர்த்த மரம் மல்பெரி ஒண்ணுதான். இலையைப் பறிச்சுப் பட்டுப்புழுவுக்குப் போடுவோம். யாரும் தின்னாத இலைக்கு நான் பாடுபடறது இதுதான் முதல் தடவை. ஆனா மரம்னா மரம்தானே, பயப்படாதீங்க. தையல் வேலை வருது, பொழுது போயிடுது.

போர்வையை நல்லா இழுத்துப் போத்திக்கோங்க.
கினுயோ


கவாகோயே
14 ஏப்ரல் 1956

அக்கா,

செர்ரிப் பூவைப் பார்க்க ஊரே ஆத்தங்கரைக்குப் போயிருக்கு. நான் போகல. உங்க மரம் சிவந்துடுச்சு. நீங்க இருமல் இல்லாம தூங்கறீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க.

எனக்கு எழுத வராது. புதுசா உதட்டுச்சாயம் வாங்கின பொண்ணு கண்ணாடி பார்க்காம பூசிக்கிட்ட மாதிரி அப்படி ஒரு சிவப்பு. நான் இதுக்கு முன்னாடி புதுவருஷத்துக்கு மட்டும்தானே உங்க வீட்டுக்கு வந்திருக்கேன், மொட்டைக் குச்சியாத்தான் பார்த்திருக்கேன். அவர் கையில இப்படி ஒண்ணு வந்திருக்குன்னு இவ்வளவு நாள் தெரியாமப் போச்சே. ஹமானோ அம்மா வந்து நின்னாங்க, கேலி கீலி ஒண்ணும் பண்ணல.

ஒரு இலையை அழுத்தி உள்ளே வெச்சிருக்கேன்.

உடம்பைப் பார்த்துக்கோங்க.
கினுயோ


காசநோய் விடுதி
20 ஏப்ரல் 1956

கினுயோ,

மலையில் இப்போதுதான் பனி உருகி ஓடுகிறது. உனக்குக் கை வெடிப்பு ஆறியதா? கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன்.

உன் இலை ஆறு படுக்கையையும் சுற்றி வந்தது. நாலாவது படுக்கைக்காரி அதை உதட்டில் வைத்துப் பார்த்தாள், நாங்கள் சிரித்து இருமி நர்ஸிடம் திட்டு வாங்கினோம். இப்போது அது என் தெர்மாமீட்டர் கூட்டுக்குள் இருக்கிறது. ஜூன் கடைசியில் ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டார்கள். பயமாகத்தான் இருக்கிறது. இலை வந்த நாளிலிருந்து கொஞ்சம் குறைவு.

உனக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன்.
சதாயோ


கவாகோயே
12 மே 1956

அன்புள்ள அக்காவுக்கு,

இப்போ வெயில் இதமா இருக்கு, ஆம்பளப் பிள்ளைங்க பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு மீன் கொடி கட்டியிருந்தாங்க, இப்பத்தான் இறக்கறாங்க. சாப்பாடு இறங்குதா?

உங்களைப் பயமுறுத்தக் கூடாதுன்னு ரெண்டு வாரம் எழுதாம இருந்தேன். இப்போ எல்லாம் சரியாயிடுச்சு, அதனால சொல்றேன். வசந்தம் பிறந்து எண்பத்தெட்டாம் இரவு, அதாவது மே ரெண்டு, தாண்டினாத்தான் பனிப்பயம் போகும்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கவாகோயே ஊருக்குள்ள அதெல்லாம் வராதுன்னு நினைச்சு மெத்தனமா இருந்துட்டேன். ஏப்ரல் இருபத்தேழு விடியக்காலை உறைபனி விழுந்துடுச்சு. காலைல பார்க்கறேன், உங்க சிவப்பு அத்தனையும் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குது.

நல்லவேளை இது எனக்குத் தெரிஞ்ச வேலை. பனியில கருகின மல்பெரியை என்ன செய்வோம்? தயவுதாட்சண்யம் இல்லாம அடிமுண்டு வரைக்கும் வெட்டிடுவோம். இதுலயும் மண்ணுக்கு நாலு விரல் மேல அதே மாதிரி ஒரு முண்டு இருந்துது. அப்பாடான்னு இருந்துது எனக்கு, பழகின முகத்தைப் பார்த்த மாதிரி. அரத்தை எடுத்து அரிவாளைத் தீட்டி முண்டுக்கு மேல ஒட்ட நறுக்கிட்டேன். பத்தே நாள்ல முண்டுக்கு அடியிலிருந்து அஞ்சு கொம்பு, குச்சி மாதிரி நேரா, பச்சைப் பசேல்னு கிளம்பிடுச்சு. பழைய கொம்பு இவ்வளவு வேகமா வளர்ந்ததே இல்லைன்னு ஹமானோ அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. மரம் பிழைச்சுடுச்சு அக்கா. நீங்களும் இதே மாதிரி எழுந்துக்கணும்.

கினுயோ


காசநோய் விடுதி
8 ஜூன் 1956

கினுயோ,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. துணி காய்கிறதா? பதில் தாமதமாகிவிட்டது. நர்ஸ் தபால்தலை வாங்க மறந்துவிட்டாள்.

பனி யார் கையிலும் இல்லை. நீ செய்தது சரி. தண்ணீரை மட்டும் நிறுத்தாதே. வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

நேரமிருந்தால் உங்கள் ஊர் மலையைப் பற்றி எழுது. இலையுதிர் காலத்தில் அங்கே எப்படி இருக்கும்? எய்கிச்சி உன்னைப் பெண் பார்க்க வந்தது அந்தப் பருவத்தில்தானே? அவன் என்னிடம் சொன்னதுண்டு. உன் வாயால் கேட்டதில்லை.

சதாயோ


கவாகோயே
11 ஜூன் 1956

ஆங்யோ நாற்றுத் தோட்டம், கமேதாரோ ஐயாவுக்கு,

வணக்கம். மழையில தோட்டத்துல ஆயிரம் வேலை இருக்கும், தொந்தரவுக்கு மன்னிக்கணும். சிவப்பு மேப்பிள் ஒண்ணு பனியில கருகிப்போச்சு. அடிமுண்டுக்கு மேல வெட்டினேன். கீழேருந்து வந்த இலை பச்சையாவே இருக்கு, இலையும் சின்னதா இருக்கு. என் நாத்தனாருக்கு இதைப் பத்திக் கடிதம் போட்டேன். எப்பவும் அன்னைக்கே பதில் எழுதறவங்க, ஒரு மாசம் கழிச்சு நாலு வரி எழுதினாங்க. அதான் உங்களைக் கேக்கறேன். அடுத்த வசந்தத்துல இது சிவக்குமா? பதில் அட்டை சேர்த்தே அனுப்பியிருக்கேன்.

கினுயோ


ஆங்யோ
17 ஜூன் 1956

அம்மா,

மழை நல்ல மழை. நான் நல்லாத்தான் இருக்கேன்.

சிவக்காது. அந்த முண்டுதான் ஒட்டுப்போட்ட இடம். மேல இருந்தது சிவப்பு ஜாதி, கீழே இருக்கிறது அதைத் தாங்க வெச்ச காட்டு மேப்பிள். நீங்க வீட்டுக்காரரை வெளியே தள்ளிட்டு வாசக்காவலாளியைக் கூடத்துல உக்கார வெச்சிருக்கீங்க. மல்பெரி ஊர்ப் பெண்ணா? கேட்கவே வேணாம், வெட்டின விதத்துலயே தெரியுது. முப்பது வருஷத்துல உங்களை மாதிரி மூணு பேரைப் பார்த்திருக்கேன். மூணு பேரும் சிச்சிபு.

அதே ஜாதிச் சிவப்பு எங்கிட்ட இருக்கு. தொட்டியில மாத்தி வெச்சா வர்றவங்க போறவங்களுக்குத் தெரியாது. சொந்தக்காரங்களுக்குத் தெரியும். வேணுமா, எழுதுங்க.

காட்டு மரம்னு கேவலமா நினைச்சுத் தண்ணி ஊத்தாம விட்டுடாதீங்க. அது ஒரு தப்பும் பண்ணல.

கமேதாரோ


கவாகோயே
22 ஜூன் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

மழை விடாமப் பெய்யுது. அடுத்த வாரம் ஆபரேஷன். கோயிலுக்குப் போய் ஜிஸோ சாமிக்குச் சிவப்புக் கழுத்துத்துணி தைச்சுக் கட்டிட்டு வந்தேன். நல்ல தையல், சாமிக்குப் பிடிச்சிருக்கும்.

மரம் நல்லா இருக்கு.

எங்க ஊரைக் கேட்டீங்களே. அக்டோபர் கடைசியில எங்க மலை முழுக்கக் காட்டு மேப்பிள் பழுக்கும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் ஒரே மரத்துல இருக்கும். நாங்க யாரும் நின்னு பார்த்ததில்லை, விறகு சுமக்கிறவளுக்கு ஏது நேரம். பெண் பார்க்க வந்த அன்னைக்கு நான் டீ தட்டை எடுத்துக்கிட்டு வந்து மண்டிபோட்டா மாப்பிள்ளையைக் காணோம். வெளியே வேலியோரத்துல பெரிய மேப்பிளுக்கு அடியில குனிஞ்சு என்னத்தையோ பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டிருக்கார். "ரயில்வேக்காரருக்கு எதாவது தொலைஞ்சுபோச்சா"ன்னு எங்கப்பா கேட்டார். உள்ளே வந்து உக்காந்தவர் என் முகத்தையே பார்க்கல. பெண் பிடிக்கலைன்னு முடிவு பண்ணி, எங்கம்மா அவங்களுக்கு வெச்சிருந்த பீன்ஸ் சாதத்தைக்கூடக் கம்மியா பரிமாறிட்டாங்க. மூணாம் நாள் சம்மதம்னு தகவல் வருது. கல்யாணத்துக்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், "என்னத்தைய்யா பொறுக்கினே"ன்னு. காதைச் சொறிஞ்சுக்கிட்டு ரயில் நேரத்தைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவார்.

சிரிச்சீங்களா? சிரிச்சாச் சரி. தைரியமாப் போயிட்டு வாங்க.

கினுயோ


காசநோய் விடுதி
5 ஆகஸ்ட் 1956

கினுயோ,

இதை நான் சொல்ல நர்ஸ் எழுதுகிறாள். அவள் கையெழுத்தைத் திருத்த வேண்டும் போல இருக்கிறது, ஆனால் கை தூக்க முடியவில்லை.

பிழைத்துவிட்டேன். நுரையீரலை அமுக்குவதற்காக விலா எலும்பில் ஐந்து போயிற்று. இடது தோள் சரிந்துவிட்டது, இனி என் கிமோனோவை நீதான் ஒரு பக்கம் பிடித்துத் தைக்க வேண்டும். உன் கடிதம் ஆபரேஷனுக்கு முந்தைய நாள் கைக்கு வந்தது. அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நேரில் சொல்கிறேன்.

வெயிலில் அலையாதே.
சதாயோ


கவாகோயே
25 அக்டோபர் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

காத்து குளிர ஆரம்பிச்சாச்சு. நவம்பர் பதினெட்டாம் தேதி வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு கார்டு வந்துது. படிச்சுட்டு அடுப்படியில உக்காந்து நல்லா அழுதேன். சந்தோஷத்துலதான் முதல்ல.

இனிமே மறைக்க முடியாது. உங்க மரத்தை நான் கொன்னுட்டேன். அந்த முண்டு ஒட்டுன்னு எனக்குத் தெரியல. மேல இருந்த சிவப்பு முழுக்க வெட்டிப் போட்டுட்டேன். தொட்டியில இப்போ இருக்கிறது வெறும் காட்டு மரம். ஜூன் மாசமே எனக்குத் தெரியும். நீங்க அந்தச் சிவப்பைப் பார்க்கத்தான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கிட்டீங்க, கத்திக்குக் கீழே படுக்கப் போறவங்ககிட்ட எப்படிச் சொல்றது? "மரம் நல்லா இருக்கு"ன்னு எழுதினேன். பொய்யும் இல்ல, உண்மையும் இல்ல. அதை எழுதின கை இன்னும் கூசுது.

ஆங்யோக்காரர் அதே மாதிரி வேற மரம் தர்றேன்னார். ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன், ஆசையும் பட்டேன். ஆனா அது உங்கப்பா வீட்டு மரம் ஆகாது, அவர் கை பட்டதும் ஆகாது. வேணாம்னு எழுதிட்டேன்.

தம்பி கையால மிச்சம் இருந்த ஒண்ணையும் அழிச்சவ முகத்தை நீங்க வந்ததும் பார்க்க வேணாம். பதினேழாம் தேதி எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடறேன். மாத்துச் சாவியை இப்பவே ஹமானோ அம்மாகிட்ட கொடுத்துட்டேன். தோள் சரிஞ்சதுக்கு ஏத்த மாதிரி மூணு கிமோனோ மாத்தித் தைச்சு அலமாரியில வெச்சிருக்கேன். எட்டு மாசம் எனக்கு ஒரு வீடு கொடுத்தீங்க. அவர் போனதுக்கப்புறம் நான் நிம்மதியா தூங்கினது இங்கதான். அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

கினுயோ


காசநோய் விடுதி
31 அக்டோபர் 1956

கினுயோ,

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. நலமா என்று கேட்கப் போவதில்லை, நீ நலமாக இல்லை என்று தெரிகிறது.

மூட்டையை அவிழ்.

எனக்கு மே மாதமே தெரியும். 'முண்டுக்கு அடியிலிருந்து பச்சைப் பசேல்' என்று நீ எழுதியதைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. தபால்தலை கதையெல்லாம் பொய். உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அது அதைவிட மோசம், அதையும் கிழித்தேன். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

மூன்றாவதை எழுத உட்கார்ந்தபோது இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, ஒட்டுக்குக் கீழே முளைப்பதைக் கிள்ளிவிடு என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை. மெலிந்ததை எடுத்துத் தெம்பானதை விடு என்று மட்டும் எழுதினேன். நீ அதைத்தான் செய்தாய். ஆறாம் வகுப்புக்கு இப்படிப் பாடம் நடத்தியிருந்தால் வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள்.

இரண்டாவது, எய்கிச்சி அந்தத் தொட்டியைக் கொண்டுவந்து கொடுத்த நாள். "அக்கா, மேல இருக்கிறது நம்ம வீடு. கீழே தாங்கிப் பிடிக்கிறது கினுயோ ஊரு" என்றான். எனக்குப் புரியவில்லை. பெண் பார்க்கப் போன அன்று உங்கள் வேலியோரத்து மேப்பிளுக்கு அடியில் விதை பொறுக்கினானாம். வாசலில் நுழையும்போதே அடுப்படியில் அவளைப் பார்த்துவிட்டேன், பார்த்ததும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் போல இருந்தது, அவளைக் கொண்டுபோக முடியாது, விதையைக் கொண்டுவந்தேன் என்றான். விதைத்து, மூன்று வருஷம் வளர்த்து, அதன் மேல்தான் அப்பா வீட்டுக் கொம்பைக் கட்டினான். "இதை அவகிட்ட சொல்லிடாதே, மானம் போயிடும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். சத்தியத்தை இன்றைக்கு உடைக்கிறேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

உன் வாயால் அந்தக் கதையைக் கேட்க வேண்டும் என்றுதான் ஜூனில் உன் ஊரைப் பற்றிக் கேட்டேன். ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது சிவப்பு இலை ஞாபகத்துக்கே வரவில்லை. வேலியோரம் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்த என் தம்பிதான் வந்தான். சிரித்துக்கொண்டே மயக்கமானேன் என்று நர்ஸ் சொல்கிறாள். பிழைத்தது அதனால்தானோ என்னவோ.

பத்து வருஷமாக நான் மேலே இருந்த சிவப்பை மட்டும் பார்த்தேன். கீழே ஒன்று எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நின்றதைப் பார்க்கவே இல்லை. அது உன் மரம், கினுயோ. அவன் கை பட்டதில் மிச்சம் அதுதான், அதைப் பிழைக்க வைத்தது நீதான். எனக்கு அது போதும். நீ வீட்டில் இருந்தால் போதும்.

பதினெட்டாம் தேதி நாலு மணி ரயில். எனக்குப் பெட்டி தூக்க முடியாது.

சதாயோ


கவாகோயே
6 நவம்பர் 1956

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க இன்னும் பனி விழல. தோள் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாங்களா?

மூட்டையை அவிழ்த்துட்டேன். ஹமானோ அம்மாகிட்ட சாவியைத் திருப்பிக் கேட்டேன், "போகமாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும்"ன்னு வாயைக் கோணிக்கிட்டுக் கொடுத்தாங்க.

உங்க கடிதத்தை வாசிச்சப்புறம் தொட்டிக்கிட்ட போய் ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். இந்த வாரம் அது பழுத்துடுச்சு அக்கா. மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்பும் ஒரே கொம்புல, எங்க வேலியோரத்து மரம் மாதிரியே. அஞ்சு மாசமா இதைப் பார்த்துப் பார்த்து, என் தப்பு எழுந்து நிக்குதுன்னு குமுறிக்கிட்டிருந்தேன். நீங்க குளிக்கும்போது தெரியற மாதிரி ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்.

அவர் அன்னைக்கு என்னைப் பார்க்கவே இல்லைன்னு பன்னிரண்டு வருஷம் குத்திக் காட்டிக்கிட்டே இருந்தேன். ஒரு தடவையாவது பதில் சொல்லியிருக்கலாம். பரவாயில்ல, இப்போ நீங்க சொல்லிட்டீங்க. நன்றி அக்கா. கையை எங்க வெச்சுக்கறதுன்னு இப்பவும் தெரியல, ஆனா எழுதிட்டேன்.

பதினெட்டாம் தேதி குளிக்க வெந்நீர் காய வெச்சுட்டு ஸ்டேஷனுக்கு வர்றேன். பெட்டியைத் தொடாதீங்க.

கினுயோ